கம்பெனி பஸ்ஸை நிறுத்திய டார்ச் லைட்

வடக்குப்பட்டு,
2012 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை.
இன்றைக்கு என் வயது எழுபத்திரண்டு ஆண்டு, நான்கு மாதம், ஒன்பது நாள்.

அன்புள்ள தம்பி புருஷோத்தமனுக்கு, உன் அக்காள் ராஜாமணி எழுதுவது.

நீயும் சசிகலாவும் சென்னையில் நலமாகவே இருப்பீர்கள். நலமில்லாதவர்களுக்குப் பிறர் வீட்டை அளக்க ஆள் அனுப்பும் தெம்பு இராது. நானும் நலம். வயதை நாள் கணக்கோடு எழுதியதற்குக் காரணம், 'அக்காவுக்கு எண்பது ஆகப்போகுது' என்று நீ உறவினரிடமெல்லாம் சொல்லிவருவதாகக் கேள்விப்பட்டதுதான். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள் உயிரோடிருக்கும்போதே அவள் வயதைத் தோராயமாகச் சொல்லும் துணிச்சல் எனக்கு அதிர்ச்சியளித்தது. ஆனால் அது இம்மாத அதிர்ச்சிகளில் மிகச் சிறியது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு நீ வந்தபோது, தேநீர்க்கடையில் நின்ற இளைஞர்களைக் காரைவிட்டு இறங்காமலே பார்த்துவிட்டு, "அக்கா, எந்த ஊர் பசங்களோ, எவன் பெத்த புள்ளைங்களோ. கரன்ட்டும் பாதி நாள் இல்ல. நீ ஒண்டியா இருக்க" என்று பதறியது உனக்கு நினைவிருக்கும். திருடன் கண்ணைக் கூச வைக்கும் டார்ச் லைட் ஒன்று பொங்கலுக்குள் இந்த வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு உன் ஃபிளாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று கெடு வைத்தாய். அந்த ஃபிளாட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறையை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சலவை இயந்திரத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அது சுழலும்போது கட்டிலும் சேர்ந்து நடுங்குகிறது. ஆகவே, தந்தையார் என் பெயரில் எழுதிவைத்த இந்த வீட்டிலேயே என் காலத்தை முடிப்பதா, அல்லது உன் உள்ளாடைகளோடு சுழல்வதா என்பது ஒரு டார்ச் லைட்டின் கையில் வந்து நின்றது.

முப்பது ஆண்டுகள் மகளிர் கல்லூரியில் ஒளியியல் கற்பித்தவள் நான். டார்ச் வாங்கத் தெரியாதா என்று எண்ணி ஒரகடம் கூட்டுரோட்டில் தாவீது வைத்திருக்கும் எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். "மேடம், இத்த ஆன் பண்ணா மண்ணூர் வரிக்கும் பகலு" என்று சத்தியம் செய்து ஒன்றைக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து முறைப்படி சோதித்தேன். சுற்றுச்சுவரில் நாள்காட்டியை மாட்டி, பத்தடி தள்ளி நாற்காலியில் அமர்ந்து, மின்வெட்டு வந்ததும் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினேன். தேதி தெரியவில்லை! தேதியைக் காட்டாத விளக்கு திருடனின் முகத்தை எங்ஙனம் காட்டும்? மாடி அறையில் குடியிருக்கும் மாடத்தி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், செல்போன் உதிரிபாகத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், அவள் படியில் நின்றபடி, "என்ன ஆச்சி இப்பிடிச் சொல்லுதிய? இந்த வெளிச்சத்துல ஊசில நூலே கோத்துரலாம்லா. அந்தா தேதி அஞ்சுன்னு தெரியுதே!" என்றாள். அன்று ஐந்தாம் தேதி என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே அச்சான்று செல்லாது என்று தள்ளுபடி செய்தேன். நான் எவருக்கும் ஆச்சி அல்ல என்பதையும் பதிவு செய்தேன். அதையும் அவள் தள்ளுபடி செய்தாள்.

மறுநாள் தாவீதிடம் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கினேன். அது சார்ஜ் போட்டுப் பயன்படுத்துவது. மின்சாரம் இல்லாத வேளைக்கென்று வாங்கிய விளக்குக்கு உயிர் கொடுக்க மின்சாரம் வேண்டும் என்ற தத்துவத்தை மெச்சி, அதைச் செருகி வைத்துவிட்டு மின்சாரத்துக்காகப் பகல் முழுதும் காவல் இருந்தேன், மாலையில் எரிந்தபோது அதுவும் மங்கல். அடுத்தது நெற்றியில் பட்டையாகக் கட்டிக்கொள்வது. அதை அணிந்து வாசலுக்குப் போனபோது தெரு நாய்கள் என்னைத் துரத்தின, திருடன் வந்திருந்தால் இருவரும் சேர்ந்தே ஓடியிருப்போம், அதுவும் மங்கல். இடையில் நீ கூரியரில் அனுப்பிய வெளிநாட்டுச் சரக்கு வந்தது. மண்டையில் பற்கள் வைத்து, அடித்தால் திருடனின் தலை பிளக்கும் என்று இணையத்தில் எழுதியிருந்ததை அச்செடுத்து இணைத்திருந்தாய். லூமன் என்ற ஒளி அலகுக்கு அதில் தந்திருந்த விளக்கத்தைப் படித்து அதிர்ந்து சிவப்பு மையால் திருத்தி வைத்திருக்கிறேன், வந்து பார். அதற்குப் பொருந்தும் பேட்டரி ஸ்ரீபெரும்புதூர் வரை தேடியும் கிடைக்கவில்லை. ஆக அது இப்போது தேங்காய் உடைக்கப் பயன்படுகிறது. கடைசியில் தாவீது, "மேடம், எனக்கே கண்ணுல பூச்சி பறக்குது. உங்களுக்கு மட்டும் இன்னாத்துக்குப் பத்தல? இதான் கடைசி. லாரிக்காரங்க வாங்கறது. இத்துக்கும் மேல வோணும்னா சூரியன்தான்" என்று பூசணிக்காய் அளவில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தான். அதில் நாள்காட்டி இருப்பதாவது தெரிந்தது.

இங்கேதான் அடுத்த அதிர்ச்சி. எந்த விளக்கையும் நான் இரண்டு முறை எரித்து அணைத்துத்தான் சோதிப்பேன். ஒருமுறை எரிவது தற்செயல், இரண்டாம் முறையும் எரிந்தால்தான் நம்பகம். பூசணிக்காயை அவ்வாறு எரித்து அணைத்த மறுகணம், வெளியே பிரேக் கிறீச்சிட்டு ஒரு பேருந்து நின்றது. "இன்னாமா, லைட்டு அட்ச்சிட்டு உள்ளயே குந்திகினுகீற? ஏறுமா, ஷிப்டுக்கு டைம் ஆவுது!" என்று ஒரு குரல். நான் ஓய்வுபெற்றவள் என்றேன். "அத்த மொதல்ல சொல்றதில்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாடத்தியிடம் விசாரித்தபோதுதான் தெரிந்தது: இங்கே கம்பெனி பஸ்ஸுக்கு எழுதிவைத்த நிறுத்தம் கிடையாதாம். மின்வெட்டு இருட்டில் சாலையோரம் நின்று செல்போன் விளக்கை இரண்டு முறை மின்னவிட்டால், ஆள் நிற்கிறது என்று ஓட்டுநர் நிறுத்துவாராம். நாட்டில் இப்படியொரு சட்டம் இயற்றப்பட்டதை எவரும் எனக்கு அறிவிக்கவில்லை. சோதனை முறையை நான் மாற்றிக்கொள்ளவும் இல்லை. முறை என்றால் முறைதான். மறுநாளும் பேருந்து நின்றது. பாண்டுரங்கன் என்ற அந்த ஓட்டுநர், "மறுபடியும் நீயா!" என்று தலையில் அடித்துக்கொண்டதாக மாடத்தி சொன்னாள். உள்ளே இருந்த பிள்ளைகள் "டார்ச் ஆச்சி, டார்ச் ஆச்சி" என்று கூவியதை எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தம்பி, இனி நீ அமர்ந்து படி. தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். மின்சாரம் போயிருந்தது. கொல்லைப்புறக் கிணற்றடியில் தகரம் இழுபடுவதுபோல் கரகரவென்று ஓசை. அடடா, நம் அடுக்குமாடி அறிவாளி சொன்ன திருடன் வந்தேவிட்டான் என்று பூசணிக்காயைத் தூக்கி, பக்கச் சந்து வழியே கொல்லையை நோக்கி ஒருமுறை அடித்தேன். அதன் கனத்தில் விரல் வழுக்கி அணைந்துவிட்டது. திரும்ப அடித்தேன். ஆக இரண்டு முறை! வெளிச்சம் கொல்லைச் சுவரில் பட்டுத் தெறித்துச் சாலைக்குப் போயிருக்க வேண்டும், பேருந்து நின்றது. ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாடத்தி மாடியிலிருந்தே "கள்ளன்! ஏ, ஆச்சி வீட்டுல கள்ளன்!" என்று அலறினாள். அவ்வளவுதான். பாண்டுரங்கன் வண்டியைத் திருப்பி வாசல் வழியே முகப்பு விளக்கைக் கொல்லைவரை பாய்ச்ச, பஸ் முழுதும் இறங்கி உள்ளே வந்துவிட்டது. நீ பயந்தாயே, எந்த ஊரோ, எவன் பிள்ளையோ, அத்தனை பேரும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எனக்குக் காவல் நின்றார்கள். கிணற்று மேடையில் வெள்ளைச் சட்டை அணிந்து, திருட்டு முழி முழித்துக்கொண்டு, ஒருவன். கையில் கத்தி இல்லை. அளவுநாடா.

"யம்மா, லைட்ட ஆப் பண்ணுமா, கண்ணு அவிஞ்சிடும்போல கீது! திருடன் இல்லமா நானு. புரோக்கர் ரகுபதி. உங்க தம்பிதான் வூட்ட அளந்துகினு வரச் சொன்னாரு!"

எதற்கு அளவு என்று கேட்டேன். "பொங்கலுக்கு அப்பால நீ மெட்ராஸுக்குப் பூடுவியாமே? இத்த இடிச்சிட்டு, கீழ பத்து ரூமு, மேல பத்து ரூமுன்னு ஹாஸ்டலு கட்னா கம்பெனி பசங்களுக்கு வுடலாம்னு சொன்னாரு. செம டிமாண்டுமா!"

கூட்டத்தில் ஒரு பையன், "அண்ணே, டாய்லெட் எத்தனை வரும்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடேய் புருஷோத்தமா! எந்தப் பிள்ளைகளைக் காட்டி என்னைப் பயமுறுத்தினாயோ, அதே பிள்ளைகளை என் பூஜையறையில் மூன்றடுக்குக் கட்டில் போட்டுப் படுக்க வைக்கவா பார்த்தாய்? திருடன் வருவான், டார்ச் வாங்கு, டார்ச் வாங்குன்னு சொன்னியே, அந்தத் திருடனை நீயே அனுப்பப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு பெரிய டார்ச் வாங்கியிருக்க மாட்டேனேடா! தந்தையார் உனக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த கூடம் அது. நீ ஒன்றும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ரகுபதியைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அளவுநாடா மட்டும் இங்கே இருக்கிறது. நீயே வந்து வாங்கிக்கொள். பஸ் அன்று தாமதமாகப் போய், பிள்ளைகள் சூபர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்களாம். நேற்று முதல் நான் விளக்கடிக்காமலே பாண்டுரங்கன் என் வாசலில் நிறுத்துகிறார். "டார்ச் ஆச்சி ஸ்டாப்" என்றே பெயராகிவிட்டது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு பஸ் ஆள் என் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. இதைவிட நம்பகமான காவல் உன் இணையத்தில் அச்செடுக்கக் கிடைக்காது. ஆகவே நான் எங்கும் வருவதாக இல்லை. இந்த ஊரில் நல்ல டார்ச் லைட் ஒன்றுகூட விற்பதில்லை என்பதும், தாவீது முதல் உற்பத்தியாளர்வரை எல்லாரும் மங்கலை விற்றுப் பிழைக்கிறார்கள் என்பதும், என் பார்வையில் மட்டும் எதுவும் தப்பாது என்பதும் இத்தால் உறுதியாயின.

சசிகலாவுக்கு என் ஆசி. உனக்கும் தீர்க்காயுள் உண்டாகட்டும். நான் சொல்வதையெல்லாம் கேட்க அது தேவைப்படும்.

இப்படிக்கு, இடம் பெயராத உன் அக்காள்,
ராஜாமணி.

பின்குறிப்பு, நவம்பர் 24: கடிதத்தை உறையிலிட்டு ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இப்போது பிரித்துப் பார்க்கிறேன். மேலேயுள்ள வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சவாரி செய்வதை இன்றுதான் காண்கிறேன். மன்னிக்கவும். தாவீது முதலில் கொடுத்த டார்ச்சைத் திரும்ப வாங்கிவந்து எரித்தேன். கண்ணில் பொறி பறந்தது. நாள்காட்டியில் தேதி மட்டுமன்று, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ராகு காலமும் தெரிகிறது. ரகுபதியின் திருட்டு முழியை நான் பார்க்கவேயில்லை. ஓசை வந்த பக்கம் விளக்கைத் திருப்பினேன், அவ்வளவே. நான் இக்கடிதத்தை எழுதி முடித்த அன்று மாலை மாடத்தி, "ஆச்சி, அந்தாளு போட்டிருந்த சட்டை என்ன கலரு?" என்று கேட்டாள். வெள்ளை என்றேன். "செவப்பு ஆச்சி. ரத்தச் செவப்பு. நாளைக்கே கெளம்புதோம், எதுத்துப் பேசப்பிடாது" என்றாள். காஞ்சிபுரத்தில் வியாழனன்று வலக்கண்ணில் அறுவை முடிந்தது. மாடத்தி விடுப்பெடுத்துக்கொண்டு கூட இருந்தாள். இரண்டு வாரம் எழுதக்கூடாது என்றார் மருத்துவர். அது நெடுங்கதைகளைக் குறிக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆம். இரு கண்களிலும் புரை. மூன்று ஆண்டுகளாக எனக்குத் தெரியும். வில்லைகளைப் பற்றி முப்பது ஆண்டுகள் பாடம் எடுத்தவள், தன் இரண்டு வில்லைகளைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. பயம்தான் காரணம். இருட்டுக்கும் திருடனுக்கும் நான் என்றைக்கும் பயந்ததில்லை. பயந்தது உன் சலவை இயந்திரத்துக்கு.