என் பக்கம் சரியாத்தான் இருக்கு

‘என் பக்கம் சரியாத்தான் இருக்கு’ என்று சொல்லியே காலம் தள்ளும் ஓர் இனம் நம்மிடையே உலாவுகிறது. பார்க்கச் சாது. வேலையிலும் கெட்டி. ஆபத்தே அதில்தான்.

ஈப்போ ஜெலாப்பாங்கில் டயர் கடைக்கு மேல்மாடியில், நான்கே பேர் கணினி விளையாட்டு செய்யும் சின்ன அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள லயனல் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்டும் கருப்பம்மாள்தான் விளையாட்டின் கதாநாயகி. உருவம் செய்யும் மென்பொருளில் உட்கார்ந்து அவளுக்கு நடையும் ஓட்டமும் பாராங் கத்தி வீச்சும் லயனல் கொடுத்துவிட்டால், அவள் கட்டியிருக்கும் கைலிகூட மூச்சுவிடும்! ஆனால் அந்த அசைவையெல்லாம் அங்கிருந்து கிளப்பி, விளையாட்டை ஓட்டும் எஞ்சினுக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டாமா? அது அடுத்த மேசை ஷாமினியின் தலையெழுத்து.

“அண்ணே, கருப்பம்மா குப்புறப் படுத்துக்கிட்டு ஓடுது.”

“என் பக்கம் நின்னுக்கிட்டுத்தான் ஓடுது லா.”

லயனலின் மென்பொருளுக்கு ‘மேல்’ என்பது ஒரு திசை, எஞ்சினுக்கு வேறு திசை. ஷாமினி நிமிர்த்தி வைத்தாள். நிமிர்ந்தவள் எறும்பளவு இருந்தாள். இவர் மீட்டரில் அளந்ததை எஞ்சின் சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. பன்றியின் குளம்புக்கடியில் கதாநாயகி காணாமல் போனாள். லயனல் எழுந்து வந்து பார்த்தாரா? தன் திரையைப் படம்பிடித்து அனுப்பிவைத்தார். அதில் கருப்பம்மாள் அம்சமாக ஓடினாள்.

மூன்றாவது கோளாறுதான் ஷாமினியை அழவைத்தது. கால் ஓடியது, கை ஓடவில்லை. இரண்டு கைகளையும் விரித்தபடி, பன்றியைக் கட்டித் தழுவப் போகிறவள்போல் பாய்ந்தாள் கருப்பம்மாள். கையை ஆட்டிவைக்கும் கட்டுப்பாடுகளெல்லாம் லயனலின் மென்பொருளிலேயே தங்கிவிட்டன. அசைவை எலும்புகளில் பதித்து அனுப்பினால்தான் இங்கே ஆடும். பதிப்பதற்கு ஒரே ஒரு டிக். அதைப் போட வேண்டியவர் லயனல்.

அன்று சனிக்கிழமை. விளையாட்டை வாங்கி வெளியிடுகிறவர் கோலாலம்பூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். அவர் வேண்டாம் என்றால் அலுவலகத்தை மூட வேண்டியதுதான் என்று முதலாளி மெலிண்டா முன்னமே சொல்லியிருந்தாள்.

“அண்ணே, பத்து மணிக்கு வந்துருவாரு. ஒரு தடவ வந்து பாருங்கண்ணே.”

“நான்தான் பார்த்தேனே. என் பக்கம் கை நல்லா…”

ஷாமினி எழுந்து போய், லயனலை உருளும் அலுவலக நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து தன் திரைக்கு முன்னால் நிறுத்தினாள்.

மூன்று வருடத்தில் லயனல் அந்தத் திரையைப் பார்ப்பது இதுவே முதல்முறை. கருப்பம்மாள் கை விரித்துப் பாய்வதையும், பன்றி ஒதுங்கிக்கொள்வதையும் வாய் திறந்தபடி பார்த்தார்.

“அலாமாக்… இவ்வளவு நாளா இப்படியா இருந்துச்சி?”

“ஆமாண்ணே.”

“சொல்லலாம்ல?”

ஷாமினி அவரையே பார்த்தாள். லயனலுக்குக் காது சிவந்தது. நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போனார். நாலே நிமிடத்தில் டிக்கைப் போட்டு அனுப்பினார். கோலாலம்பூர்க்காரர் முன்னால் கருப்பம்மாள் பாராங்கை வீசி ஓடினாள். அவர் தலையாட்டினார். அலுவலகம் பிழைத்தது. லயனலும் திருந்திவிட்டார். இப்போது எதை அனுப்பினாலும் பின்னாலேயே நாற்காலியில் உருண்டு வந்துவிடுகிறார்.

ஆகவே இனம் அருகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். போன மாதம் ஹுத்தான் மெலிந்தாங்கில் உங்கள் வீட்டு விசேஷம். ஈப்போவிலிருந்து வழி கேட்ட கனகராஜிடம், “நேரா வாங்கண்ணே, பார்த்தாலே தெரியும்” என்றீர்கள். மனிதர் குடும்பத்தோடு வழி தவறிப் பீடோர் பழக்கடை வாசலில் நின்று போன் செய்தபோது என்ன சொன்னீர்கள்? நினைவிருக்கிறதா?

“நான் சரியாத்தானே சொன்னேன்!”