நொதியும் பெரிய தலையும்

மனித குலம் எத்தனையோ ஆட்குறைப்புகளைக் கண்டிருக்கிறது. ஆனால் நூற்றுக்கு நூறு விஞ்ஞான முறைப்படி நடந்த ஆட்குறைப்பு ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமை ஒரு நுண்ணுயிர் ஆய்வுக்கூட இயக்குநரைச் சேரும். யோசனையைத் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்த பாக்கியமோ 'கத்திரி'யைச் சேரும்.

கத்திரி என்பது பட்டப்பெயர். பாக்டீரியாவின் சவ்வுக்குள் புதைந்திருந்து மற்றப் புரதங்களை வெட்டும் ஒரு நொதியைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. இன்றைய கூட்டத்தில் நன்றாகப் பேசிவிட்டால் வேலை நிரந்தரம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"இந்த நொதி பேரெல்லாம் பாத்து வெட்டாது சார்," என்று திரையைக் காட்டினாள். "புரதத்தோட சுருள் எவ்வளவு உறுதின்னுதான் பாக்கும். விறைப்பா நிக்கிற சுருளை விட்டுடும். நெகிழ்ந்து பிரியற சுருளைப் பிடிச்சு நறுக்கிடும்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடம் ஒரு மாதமாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ, வளைஞ்சு கொடுக்கிறவங்கதான் வெட்டுப்படுவாங்களா?"

"புரதம் சார்."

"எல்லாரும் புரதம்தானேம்மா. மேல சொல்லுங்க."

"நொதியோட வாசல்ல சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கு. பெரிய தலையுள்ள புரதம் அதுல நுழையாது. நுழையலைன்னா வெட்டும் கிடையாது."

இயக்குநரின் பார்வை பக்கத்து நாற்காலிக்குப் போனது. அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர் ஆய்வுக்கூடத்தின் 'ஆலோசகர்'; இயக்குநருக்கு மச்சான். இதுவரை என்ன ஆலோசனை சொன்னார் என்பது கண்ணும் கருத்துமாகக் காக்கப்பட்டு வரும் ரகசியம். அந்த அறையிலேயே பெரிய தலை அவருடையதுதான்.

"பெரிய தலையில கை வைக்கக் கூடாதுன்னு இயற்கையே சொல்லுது!" இயக்குநரின் குரல் தழுதழுத்தது.

"முழுசாக் கேளுங்க சார். அடுத்த படத்துல இருக்கு. செல்லுக்கு ஆபத்துன்னா, வெளியில இருக்கிற இன்னொரு நொதி வந்து முதல்ல அந்தப் பெரிய தலையைத்தான் வெட்டும். அப்புறம்தான் இது..."

ஆலோசகர் விழித்துக்கொண்டார்.

"அந்தப் படம் வேணாமேம்மா," என்றார் இயக்குநர் கனிவாக. "கொஞ்சம் வளைஞ்சு கொடுங்க."

ஆறு வருட உழைப்பில் கண்டுபிடித்ததைக் காட்டும் படம் அது. கத்திரி வீட்டில் காத்திருக்கும் அக்காவை நினைத்துக்கொண்டாள்.

"சரி சார்," என்று படத்தை அழித்தாள்.

இயக்குநர் முகம் மலர்ந்தது. அந்த இடத்திலேயே 'நெகிழ்வு கண்டறியும் உயர்மட்டக் குழு' உதயமானது. தலைவர், ஆலோசகர். குழு தன் வரலாற்றுச் சிறப்புமிக்க முதல் கண்டுபிடிப்பை அக்கணமே அறிவித்தது: நெகிழ்ந்த சுருள் ஒன்று இந்த அறையிலேயே, திரைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். பழக்க தோஷத்தில் கத்திரியும் தட்டினாள். இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

வாசலில் நின்று அக்காவுக்குப் போன் செய்தாள்.

"என்னடி, நிரந்தரம்தானே?"

"ஆமாக்கா. நிரந்தரமா அனுப்பிட்டாங்க."

நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"ஏன்டி, அந்தக் கிருமி மட்டும் எப்படி முதல்ல பெரிய தலையை வெட்டுது?"

கத்திரி மூக்கை உறிஞ்சினாள்.

"அதுக்கு மச்சான் கிடையாதுக்கா."