மாப்பிள்ளை குளிக்கப் போன நேரத்தில்

பாகூர் மாமா அவர்களுக்கும் அத்தைக்கும் வில்லியனூர் பாக்யராஜ் பணிந்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. போனில் சொல்லலாம்தான், உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கடுதாசி.

உங்கள் பிள்ளை கலைவேந்தன் தலைதீபாவளிக்கு வந்த இடத்திலும் லேப்டாப்பைக் கீழே வைக்கவில்லை. ஏதோ வெளிநாட்டு பேங்கின் பெரிய கம்ப்யூட்டராம், மெயின்ஃப்ரேமாம். அதற்குள் ஏதோ ஒன்று அடுத்ததின் இடத்தில் போய் எழுதி, மெமரியைக் கெடுக்கிறதாம். "புரியல மாப்ள" என்றேன். "ஒருத்தர் வயலுக்கு வுட்ட தண்ணி வரப்பை ஒடைச்சிக்கினு அடுத்தவர் நாத்தை அழுக வைக்குது மச்சான். மடையைத் தொறந்தது யாருன்னுதான் தெரியல" என்றார். "நம்ம ஊர்ல அது எப்பவும் பங்காளிதான்" என்றேன். சிரித்தார். கையும் களவுமாகப் பிடிக்க உள்ளே ஒரு பொறி வைத்திருக்கிறாராம். இந்தத் தடவையும் பிடிக்காவிட்டால் வேலையை விட்டே தூக்கிவிடுவார்களாம்.

தீபாவளி விடிகாலையில் மச்சான் முறைக்கு அவரை மணையில் உட்காரவைத்து நான்தான் எண்ணெய் தேய்த்தேன். கேலிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினேன். கண்ணெரிச்சலோடு போனை என்னிடம் கொடுத்து, "ஆபீஸ்லேர்ந்து வந்தா ஒரு கொரல் குடுங்க" என்று குளிக்கப் போனார். போன் வந்தது. குரல் கொடுத்தேனா? எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு பெண்பிள்ளை, "கலை சாரா?" என்றது. "ஆமா" என்றேன். "சார், பொறியில மாட்டிக்கிச்சு, மெஷின் நிக்குது. என்ன பண்ணட்டும்?" "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா. எங்க வூட்டு டிவிக்கு அதான் வைத்தியம்." சிரிக்கும் என்று பார்த்தேன். "ஓகே சார்" என்று வைத்துவிட்டது.

தலை துவட்டிக்கொண்டு வந்தவரிடம் சொல்லிச் சிரித்தேன் மாமா. அவர் முகம் செத்துப்போச்சு. நின்ன மெஷினை யாரும் தொடாம, உள்ள இருக்கறதைக் காப்பி எடுத்தாதான் ஆள் தெரியுமாம். ஆஃப் பண்ணினா அடையாளமெல்லாம் போச்சாம். உடனே ஆபீசுக்குப் போன் போட்டு, "நான்தான் சொன்னேன், என் தப்பு" என்றார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தங்கச்சி ஆண்டாள்தான், "உனுக்கு வாய்தான்ணா எமன்" என்றாள்.

அவர் வைது தீர்த்திருந்தால் தாங்கியிருப்பேன். மாமா, உங்க புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. அவரு மேனேஜருக்கு நானே உண்மையைச் சொல்லிடட்டுமா, வேணாமா? நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும்.

உங்க ரெண்டு பேர் கால்லயும் இங்கேருந்தே விழுந்து கும்பிடுறேன். எழுந்திருன்னு சொன்னா போதும்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும்
பாக்யராஜ்

பி.கு.: கவரை ஒட்டுறதுக்குள்ள மனசு கேக்காம, மாப்ள போன்லேர்ந்தே மேனேஜரைக் கூப்பிட்டு எல்லாத்தையும் ஒளறிட்டேன். வெச்ச கொஞ்ச நேரத்துல பொறியில அது மறுபடி மாட்டி, இவரும் காப்பி எடுத்து ஆளைப் புடிச்சிட்டாரு. பாராட்டி ஒரு மெயில், கம்பெனி போனைக் கண்டவன் கையில குடுத்ததுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெயில், ரெண்டும் ஒண்ணா வந்திருக்கு. இப்பதான் வைய ஆரம்பிச்சிருக்காரு. தாங்க முடியல. அதனால மேலே கேட்ட யோசனை வேணாம். உங்க வூட்டு மாடியில ரெண்டு நாள் படுக்க எடம் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. பஸ் ஏறிட்டேன்.