மேம்பாலமும் தைரியராஜின் டார்க்கும்

நம்மிடையே விளக்குநர்கள் என்றோர் இனம் உண்டு. மின்விசிறி நின்றுபோனால் நீங்களும் நானும் வியர்ப்போம், அவர்கள் மலர்வார்கள். ஏன் நின்றது என்று சொல்லி முடித்துவிட்டால் காற்றே வந்துவிட்ட நிம்மதி அவர்களுக்கு. சொல்வது தவறாக இருந்தாலாவது சண்டை போடலாம். சரியாக அல்லவா இருந்து தொலைக்கிறது?

செல்வமேரி அப்படி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டவள். தில்லை நகரில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். கணவர் தைரியராஜோ மின்சார ஸ்கூட்டர் வாங்கிய நாள்முதல் மோட்டாரைப் பற்றியே பேசுகிறார்: பால்காரரிடம், பங்குத்தந்தையிடம், எண் மாறிக் கூப்பிட்டுவிட்ட யாரோ ஒரு பெண்மணியிடம்கூட.

சித்திரை வெயிலில் ஸ்ரீரங்கத்திலிருந்து அவளுக்கு முதல் ஆர்டர் வந்தது. ஆனந்தவள்ளி என்பவரின் மகள் வைஷ்ணவிக்கு முதல் பிறந்தநாள். முட்டை சேர்க்காத கேக், இரண்டு அடுக்கு. நன்றாக அமைந்துவிட்டால் அந்தத் தெருவே இவளிடம் வாங்கும். பிறந்தநாளன்று செல்வமேரி ஸ்கூட்டரை ஓட்ட, தைரியராஜ் மடியில் கேக் பெட்டியோடு பின்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது சிறிய சொல். வண்டி ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது.

ரயில்வே மேம்பாலம் ஏறும்போது ஸ்கூட்டர் திணறியது.

"பாத்தியா," என்றார் அவர் குதூகலமாக. "ஏத்தத்துல சக்கரத்தைச் சுத்த கூடுதல் விசை வேணும். அதான் டார்க். டார்க் ரெண்டு மடங்கு வேணும்னா மோட்டார் கரண்டையும் ரெண்டு மடங்கு இழுக்கும்."

"பெட்டியைப் பிடிங்க."

"கரண்ட் ரெண்டு மடங்கானா சூடும் ரெண்டு மடங்கா? இல்ல. நாலு."

நாலு என்பதை விரலால் காட்டினார். அதற்கு ஒரு கை தேவைப்பட்டது. கேக் இடப்பக்கம் சாய்ந்தது. திரையில் சிவப்பு விளக்கு எரிய, வண்டி நடைவேகத்துக்கு இறங்கி, பிறகு நடக்கவும் மனமில்லாமல் நின்றது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அழுத்தியது.

"சொன்னேன்ல," என்றார் தைரியராஜ். "சூடு தாங்காம வண்டியே கரண்டைக் குறைச்சிடுச்சு. கரண்ட் போனா டார்க்கும் போச்சு. எவ்வளவு அழகா வேலை செய்யுது பாரு."

போன் அடித்தது. ஆனந்தவள்ளி.

"எங்க இருக்கேள்? குழந்தை கண்ணைக் கசக்கறா. தூங்கிட்டாள்னா அப்புறம் யாராலயும் எழுப்ப முடியாது."

செல்வமேரி போனை வைத்தாள். முதுகுக்குப் பின்னால் விளக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவள் அதைக் காதில் வாங்கினாள்.

"ஏங்க, பாரம் குறைஞ்சா?"

"டார்க் கம்மியாப் போதும்."

"அப்ப கரண்ட்?"

"அதுவும் குறையும், சூடும் குறையும். கரெக்டாப் புடிச்சிட்டியே." மனைவியும் தம் இனத்தில் சேர்ந்துவிட்ட பூரிப்பு அவருக்கு.

"இறங்குங்க."

இறங்கினார். அவள் பெட்டியைக் கால் வைக்கும் பலகையில் இருத்தி இரு கால்களாலும் அணைத்துக்கொண்டாள். சற்று ஆறியதும் ஸ்கூட்டர் வெட்கமே இல்லாமல் துள்ளிக் கிளம்பியது. காவிரிப் பாலம் முழுக்க அவள் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள்.

வைஷ்ணவி விழித்திருந்தாள். சாய்ந்த மேலடுக்கைச் செல்வமேரி ஒரு சர்க்கரை ரோஜாவை நகர்த்திச் சமாளிப்பதற்குள் குழந்தை முழங்கை வரை கையை விட்டுவிட்டது. அப்புறம் சாய்வையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆனந்தவள்ளியின் நாத்தனார் அங்கேயே இன்னொரு கேக்குக்குச் சொல்லிவிட்டார்.

பஸ் பிடித்து, வியர்த்து வழிந்து, தைரியராஜ் வந்து சேர்ந்தார். கோபமா? துளியும் இல்லை. "பாத்தியா, நான் சொன்ன மாதிரியே நடந்துச்சு," என்றவர், ஆனந்தவள்ளியின் மாமனாரை மெல்ல ஒரு மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு போனார்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, "எல்லா மோட்டாரிலும் கரண்டும் டார்க்கும் இவ்வளவு நேராக ஏறாதே, எழுதியவருக்குச் சரியாகத் தெரியவில்லை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஆரம்பித்துவிட்டீர்களா? நிமிர்ந்து பாருங்கள். அவர் எழுந்துபோய் நெடுநேரமாகிறது.