ஒருவேளை சார் கார் வாங்கிய கதை

கவலைப்படுவதையே முழுநேர வேலையாகச் செய்த மனிதர் ஒருவரைக் காட்டு என்றால், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் ஒருவேளை சாரை மிஞ்ச ஆள் கிடைக்காது. நமக்கெல்லாம் ஏதாவது நடந்தால்தான் கவலை வரும். அவர் நடக்காததற்கும் சேர்த்துக் கவலைப்பட்டு முடித்த பிறகுதான் காலைக் காபியே குடிப்பார்.

முடிச்சூர் சாலையை ஒட்டிய குடியிருப்பில் அவருடையது எனக்கு எதிர் வீடு. சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதை சர்ச்சில் மட்டும் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்றவர்களுக்கு அவர் ஒருவேளை சார்தான். எந்தப் பேச்சையும் ‘ஒருவேளை’ என்று தொடங்கி, ‘என்ன பண்றது?’ என்று முடிப்பார். ரயில்வேயில் சிக்னல்களைப் பராமரிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எங்கே எது பழுதானாலும் உடனே சிவப்பு விழ வேண்டும். அந்த விதியை வேலையோடு விட்டுவிட்டு வராமல் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

லிஃப்டைக் காலியாக மேலே அனுப்புவார். அது பத்திரமாகத் திரும்பி வந்தால்தான் தான் ஏறுவார். குன்றத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்துக்கு எத்தனை வாசல் என்று பார்த்தார். கூட்டம் நெரிந்தால் ஓட வேண்டுமே என்று சாப்பாட்டுக் கூடத்தில் கதவோரம் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர்கள் கதவுப் பக்கத்திலிருந்துதான் வருவார்கள் என்பதால் எல்லாம் முதலில் அவர் இலைக்கே வந்தது. விவரம் தெரியாதவர்கள் அவரைச் சாப்பாட்டு ராமன் என்று நினைத்திருப்பார்கள். “பயந்து பயந்தே முதல் வடையைச் சாப்பிட்டுடுவாரு” என்பார் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா.

இப்படிப்பட்டவர் கார் வாங்கப் புறப்பட்டார்.

காரணம் ஸ்டெல்லா அக்காவின் மூச்சு. நுரையீரல் கெட்டியாகிக்கொண்டே போகிற நோய் அவருக்கு. வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே போக ஒரு சின்ன சிலிண்டர். ஜிஎஸ்டி ரோட்டுத் தூசியில் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் அன்று முழுவதும் அக்காவால் பேச முடியாது. அதனால் கார். நான் தனியாள், எங்கள் மாடியில் கார் ஓட்டத் தெரிந்தவளும் நான்தான். ஆகவே ஷோரூமுக்குத் துணையாக என்னைக் கூப்பிட்டார்.

விற்பனைப் பகுதியில் இருந்த பெண் பொறுமைசாலி. முதலில் ஹைப்ரிட்டைக் காட்டினாள். பெட்ரோல் இன்ஜினோடு சின்ன பேட்டரி ஒன்றும் இருக்குமாம்.

“தானா சார்ஜ் ஆயிடும் சார். வண்டி ஓடும்போது, பிரேக் போடும்போது ஏறிக்கும். நீங்க எதுவும் செய்ய வேணாம்.”

“ஒருவேளை ஏறலைன்னா?”

“பெட்ரோல்ல ஓடும் சார்.”

“ஒருவேளை பெட்ரோலும் தீர்ந்துட்டா?”

“போடணும் சார்.”

அவர் அதை ஆழ்ந்து யோசித்து ஏற்றுக்கொண்டார்.

அடுத்தது பிளக்-இன் ஹைப்ரிட். நம் பக்கம் அதிகம் விற்காத ரகம். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்; ஓட்டிப் பார்க்க மட்டும் ஒன்று நின்றது. இதில் பேட்டரி பெரியது. செல்போனைப் போல வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டால் ஊருக்குள் பெட்ரோலே வேண்டாம். தூரம் போனால் இன்ஜின் பார்த்துக்கொள்ளும். காரிலேயே ஒரு பிளக் பாயின்ட் உண்டு, அதில் ஃபேன், மிக்ஸி எல்லாம் ஓடும் என்று அந்தப் பெண் சொன்னதும் சார் ஒரு அடி முன்னால் வந்தார். வேறு எதற்கும் அவர் முன்னால் வந்து நான் பார்த்ததில்லை.

ஓட்டிப் பார்க்கப் போனோம். ஸ்டியரிங்கில் நான். பெருங்களத்தூர் மேம்பாலம் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தால் பின் சீட்டில் ஆளைக் காணோம். பதறிப் போய்த் திரும்பினேன். சீட்டில் நீட்டிப் படுத்து, கண்ணை மூடி, கையை மார்பின் மேல் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த விற்பனைப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்றார் படுத்தபடியே. “ஸ்டெல்லாவுக்குப் படுத்தா மூச்சு விட வசதியா இருக்குமான்னு பாக்கறேன். நீங்க ஓட்டுங்க.”

திரும்பி வந்து இரண்டு கார்களுக்கும் நடுவில் நின்றார். அதற்குப் பிறகு பல மாதங்கள் மனதளவில் அங்கேயேதான் நின்றார். காய்கறி வாங்கப் போனால் கத்தரிக்காய்க்காரரிடம், ஹைப்ரிட்டா பிளக்-இன்னா என்று கேட்பார். பெட்ரோல் பங்க் ஊழியரிடம், வருங்காலத்தில் பெட்ரோல் இருக்குமா என்று விசாரிப்பார். மின்வாரிய ஊழியர் மீட்டர் பார்க்க வந்தால் மின்சாரத்தின் எதிர்காலம் பற்றி விசாரிப்பார். எல்லாரும் சொன்ன பதில்களையும் ராத்திரி பகலாகச் சேர்த்து வைத்துக் கவலைப்பட்டார். போதாக்குறைக்கு என் காரையும் விட்டுவைக்கவில்லை. அது பழைய பெட்ரோல் வண்டி. தினமும் அதன் கீழே குனிந்து பார்த்து, “ஒழுகல” என்று எனக்கு அறிக்கை கொடுப்பார்.

பிளக்-இன் வாங்குவதென்றால் கார் நிறுத்துமிடத்தில் சார்ஜ் போட ஒரு பாயின்ட் வேண்டும். அதற்கு அசோசியேஷன் சம்மதிக்க வேண்டும். கூட்டத்தில் அவருடைய கோரிக்கையைச் செயலாளர் எடுத்துச் சொன்னார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கைதூக்கி முடித்துவிட்டு டீ குடிக்கப் போக வேண்டியதுதான். அப்போது ஒருவேளை சார் எழுந்தார்.

மழைத் தண்ணீர் ஏறி அந்தப் பாயின்ட் முழுகினால் என்ன செய்வது என்று கேட்டார். அந்த வயரை எலி கடித்தால்? பந்து விளையாடும் பிள்ளைகள் அதில் தடுக்கி விழுந்தால்? கட்டட வயரிங் பழசாயிற்றே, தாங்குமா? ஒவ்வொரு கேள்விக்கும் உறுப்பினர்களின் முகம் ஒரு சுற்று இறுகியது.

செயலாளருக்குக் குழப்பம். “சார், பாயின்ட் வேணும்னு பேசறீங்களா, வேணாம்னு பேசறீங்களா?”

“எனக்கு வேணும் சார். ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க நல்லா யோசிக்கணும்.”

யோசித்தார்கள். மறுத்துவிட்டார்கள். தன் கோரிக்கையைத் தானே எதிர்த்து வாதாடி ஜெயித்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படியேறும்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் சார் இப்படி, ஏதாவது ஒன்றை வாங்கித் தொலைக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தடவையாக ‘ஒருவேளை’ இல்லாமல் நீளமாகப் பேசினார்.

“அந்தப் பெரிய வெள்ளத்துல நீங்க இங்க இல்ல சிஸ்டர். கரன்ட் போச்சு. மெஷின் நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல இன்வெர்ட்டரும் போயிடுச்சு. சிலிண்டர்ல இருக்கறது எவ்வளவு நேரம் வரும்? படகு வர்ற வரைக்கும் அவளை என் மேல சாய்ச்சு உக்கார வெச்சிருந்தேன். அவ மூச்சை நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். நடுவுல ஒண்ணு விட்டுப் போனா என்ன பண்றதுன்னு.”

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. காரின் பெரிய பேட்டரியிலிருந்து மாடிக்கு வயர் இழுத்தால் மெஷின் நிற்காது. அதற்காகப் பிளக்-இன். ஆனால் வெள்ளம் வந்தால் கீழே நிற்கும் கார்தான் முதலில் முழுகும். அதற்குள் அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். பிளக்-இன்னைப் போலப் பதிவு செய்து காத்திருக்காமல், சார்ஜ் பாயின்ட்டும் தேடாமல் கிளம்ப ஹைப்ரிட். அவருடைய கேள்வி காரைப் பற்றியதே இல்லை. தண்ணீர் வந்தால் இருப்பதா, போவதா என்பதுதான். அதற்கு எந்த ஷோரூமில் பதில் கிடைக்கும்?

பதில் கிடைப்பதற்குள் மழை வந்துவிட்டது.

கார்த்திகை மாதம், விடாத மழை. மதியம் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். எதிர் வீட்டில் மெஷினின் சத்தம் மாறியது எனக்குக் கேட்டது. இன்வெர்ட்டரில் ஓட ஆரம்பித்திருந்தது. சார் பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். இருக்கலாமா, போகலாமா. என் கதவு தட்டப்பட்டது. சின்ன சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டெல்லா அக்கா நின்றார். கையில் ஒரு பை.

“சேலையூர்ல தங்கச்சி வீடு. மேடு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அவர் யோசிச்சுட்டு வரட்டும். நீ வண்டிய எடு.”

எடுத்தேன். அவரும் ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டார், வீட்டு மாப்புக் கம்போடு. எதற்கு என்று கேட்க நேரமில்லை. தெரு முனை திரும்பியதும் தண்ணீர். ரோடு எது, கால்வாய் எது என்று தெரியாத ஒரே பழுப்பு நிறம். நான் பிரேக்கை மிதித்தேன்.

பின் கதவு திறந்தது. பாத்ரூம் தரை ஈரமாக இருந்தால் கூடச் சுவரைப் பிடித்து நடக்கிற மனிதர், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கினார்.

“நான் முன்னாடி போறேன். கையைக் கீழ விட்டா வாங்க. நீட்டினா நின்னுடுங்க.”

முழங்கால் தண்ணீரில் கம்பால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் நின்றேன், இறக்கினால் நகர்ந்தேன். ஓர் இடத்தில் கம்பு முக்கால்வாசி உள்ளே போயிற்று. திறந்து கிடந்த கால்வாய். அவர் தடுமாறிச் சரிந்தார். ஓரமாக ஆட்டோவை நிறுத்தியிருந்தவர் குரல் கொடுத்தார்.

“அண்ணா, அந்தாண்ட போவாத, பள்ளம் கீது. சுவத்த ஒட்னாப்ல வா.”

சார் நிமிர்ந்து, சுவரோரமாகத் திரும்பி, எங்களுக்குக் கையை இறக்கிக் காட்டினார். கண்ணாடி வழியாக அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பெரிய பேட்டரி எல்லாம் வேணாம்” என்றார் மெதுவாக. “கிளம்பற வண்டி போதும். அவர்கிட்ட நீ சொல்லிடு. நான் சொன்னா நாலு கேள்வி கேப்பாரு, எனக்கு மூச்சு வராது.”

மேம்பாலம் ஏறிய பிறகுதான் சார் மறுபடி வண்டிக்குள் வந்தார். இடுப்பு வரை சேறு. உட்கார்ந்ததும் கவலையும் திரும்பி வந்துவிட்டது. என் சீட் அழுக்காகிவிடுமே என்று சேலையூர் வரை பின்னால் பாதி நின்றபடியே வந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு ஹைப்ரிட் வாங்கினார். மெஷினுக்குத் தனியாக ஒரு பெரிய பேட்டரியும் வாங்கி, தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்தார். வருஷக்கணக்காகப் பத்திரமாக வைத்திருந்த லைசென்ஸுக்கு அப்போதுதான் வேலை வந்தது. என்னிடம் ஓட்டப் பழகினார். பச்சை விழுந்த பிறகும் ஒரு நிமிஷம் நின்று, அது உண்மையான பச்சைதானா என்று பார்த்துவிட்டே நகர்வார். பின்னால் நிற்கும் வாகனங்கள் எழுப்பும் ஹாரன் சத்தத்துக்கு வலது கையை வெளியே நீட்டி நன்றி சொல்வார்.

அடுத்த கோடையில் இருவரும் சேலையூருக்கே குடிபோனார்கள். எதிர் வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். நல்லவர்கள்தான். லிஃப்டைச் சோதிக்காமல் ஏறுகிறார்கள்.

போன வாரம் மழை எச்சரிக்கை என்று டிவியில் சொன்ன அரை மணி நேரத்தில் கீழே ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வெளியே போகும் பக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்திய கார். முன் சீட்டில் அக்கா, சிலிண்டரோடு கையசைத்தார். சார் இறங்கி மேலே பார்த்து, துணிமணி எடுத்துக்கொண்டு உடனே கிளம்பச் சொல்லிச் சைகை காட்டினார். ஒரு தூறல்கூட இல்லை. வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் இறங்கினேன்.

பாதிப் படியில் திரும்பிப் போய் இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். என்னை நினைத்துக் கவலைப்பட இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?