ஆம்ப்ளிஃபயருக்கு வியர்க்கக் கூடாது

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்த நாள் முதல் சூட்டுக்கு எதிராக நடத்திய போர்களில் மகத்தானது, வெயில் எச்சரிக்கைத் துறையின் வெள்ளைக் காரில் இருந்த ஆம்ப்ளிஃபயரைச் சூடேறாமல் காப்பாற்றிய போர்தான். அதில் பங்கேற்கும் பாக்கியம் அந்தக் காரின் ஓட்டுநருக்குக் கிடைத்தது. அவர் கேட்டு வாங்கியதல்ல.

காரின் கூரையில் நான்கு குழாய் ஸ்பீக்கர்கள். டிக்கியில் ஆம்ப்ளிஃபயர். துறை இயக்குநரின் பதிவு செய்யப்பட்ட குரல் தெருத்தெருவாக முழங்கும்: "பகல் பதினொரு மணி முதல் நான்கு மணி வரை வெளியே வராதீர்கள். நிழலில் இருங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்."

இதைச் சுமந்துகொண்டு கார் பகல் பதினொரு மணிக்குப் புறப்பட்டு நான்கு மணிக்குத் திரும்பும். வெயில் இல்லாத நேரத்தில் சொன்னால் அது எச்சரிக்கை ஆகாது, வெறும் தகவல் ஆகிவிடும் என்பது துறையின் "கொள்கை முடிவு".

முதல் வாரத்திலேயே ஆம்ப்ளிஃபயர் இரண்டு முறை கொதித்துப்போய்த் தானாகவே அணைந்தது. இரண்டாவது முறை "நான்கு மணி வரை வெளியே" என்பதோடு நின்றுவிட்டது. அந்தத் தெருவில் இரண்டு பேர் கதவைத் திறந்து வெளியே வந்து, மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று காத்து நின்றார்கள்.

ஒவ்வொரு முறையும் ஓட்டுநருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பொருள்: "கருவி அனுமதியின்றி மௌனம் காத்தமைக்கு விளக்கம் கோருதல்." மூன்றாவது வந்தால் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

"இன்னொரு மெமோவோட வீட்டுக்கு வராதீங்க," என்றாள் மனைவி. "வந்தா அதையே வறுத்துப் போட்டுடுவேன்."

துறை சும்மா இருக்கவில்லை. கூட்டம் கூட்டியது. எலக்ட்ரீஷியன் வரவழைக்கப்பட்டார். டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தவர், கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மூணு காரணம் சார். நாலு ஸ்பீக்கர் இதுக்கு அதிகம். மேல ஜமக்காளம் போட்டு மூடியிருக்கீங்க, காத்துப் போக வழியில்ல. எல்லாத்துக்கும் மேல, சத்தத்தை முழுசா ஏத்தி வச்சிருக்கீங்க. பாதிக்குக் குறைச்சாலே தொல்லை விட்டது."

இவ்வளவு எளிமையான தீர்வை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"ஜமக்காளம் தூசிக்காகப் போட்டது," என்றார் பண்டகக் காப்பாளர். "எடுத்தா யார் பொறுப்பு?"

"நாலு ஸ்பீக்கர் நாலு திசைக்கு," என்றார் கண்காணிப்பாளர். "எந்தத் திசையைக் கைவிடலாம்னு நீங்களே சொல்லுங்க."

இயக்குநர் கடைசியாகப் பேசினார். "சத்தத்தைக் குறைச்சா என் ரூமுக்குக் கேக்காதே."

அவருடைய அறை மூன்றாம் மாடியில் இருந்தது. ஏசி வீணாகாமலிருக்க ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. தினமும் கார் அதன் கீழே நின்று ஒருமுறை முழங்கும். அவர் உள்ளிருந்து தலையசைத்த பிறகுதான் பிரசாரம் புறப்படும்.

"எனக்கே கேக்கலைன்னா ஜனங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"ஜன்னலைத் திறந்தா கேக்குமே சார்," என்றார் எலக்ட்ரீஷியன்.

"திறந்தா வெக்கை உள்ள வந்துடுமே."

எலக்ட்ரீஷியன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் படித்ததெல்லாம் மின்சாரம் மட்டும்தான்.

தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. ஆம்ப்ளிஃபயர் டிக்கியிலிருந்து ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு "இடமாற்றம்" செய்யப்பட்டது. சீட் பெல்ட் மாட்டப்பட்டது. சுற்றிலும் ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி. காரின் ஏசிக் காற்று மொத்தமும் குழாய் வழியாகப் பெட்டிக்குள். உள்ளிருந்து வெளிவரும் சூடான காற்றுக்கு ஒரு துளை போட வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னபோதுதான் சற்று விவாதம் நடந்தது. முன்பக்கம் போட்டால் கண்ணாடியில் ஒட்டிய துறையின் சின்னம் உரிந்துவிடும். கதவுப் பக்கம் போட்டால் பெயின்ட் கெட்டுவிடும்.

"வலது பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார் இயக்குநர்.

"டிரைவர் இருக்கார் சார்."

"அவர் ஒண்ணும் ஆட்சேபிக்கலையே?"

ஓட்டுநர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். நாற்காலி தராத கூட்டத்தில் வாயைத் திறப்பது மரியாதையல்ல என்று அவருக்குத் தோன்றியது. துளை வலது பக்கம் போடப்பட்டது.

அரை மணிக்கு ஒருமுறை ஆம்ப்ளிஃபயரின் வெப்பநிலையைக் குறித்துவைக்கப் பதிவேடும் தந்தார்கள். முதல் நாள் முப்பத்தொன்று. மறுநாள் முப்பது. அடுத்து இருபத்தொன்பது. பதிவேட்டைப் பார்த்து இயக்குநர் பூரித்துப்போனார். அதன் பக்கங்கள் ஏன் ஈரமாக இருக்கின்றன என்று மட்டும் விசாரித்தார்.

நான்காம் நாள் பகல் இரண்டு மணிக்கு ஓட்டுநருக்குத் தெரு மஞ்சளாகத் தெரிந்தது. கொண்டுவந்த தண்ணீர் பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துவிட்டது. இடது காதுக்குள் துளையின் அனல். சாவி வெட்டும் கடையொன்றின் முன்னால் காரை நிறுத்தினார்.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி," என்றார் கடைக்காரப் பெண்ணிடம்.

அவளுக்குக் கேட்கவில்லை. நான்கு ஸ்பீக்கர்களும் தண்ணீர் குடிக்கச் சொல்லி முழங்கிக்கொண்டிருந்தன. அவர் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். அவர் அறிவிப்புக்கு அபிநயம் பிடிக்கிறார் என்று நினைத்த அவள், தன் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, ஒரு மடக்குக் குடித்து, சரிதானே என்பதுபோலச் சிரித்தாள்.

ஓட்டுநர் ஸ்விட்சைப் பார்த்தார். அணைத்தால் மூன்றாவது மௌனம். ஒப்பந்தம் போய்விடும். அணைக்காவிட்டால் அவரே போய்விடுவார் போலிருந்தது.

அணைத்தார்.

"தண்ணி, தங்கச்சி."

அவள் பதறிப்போய் ஓடிவந்து, அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கடை நிழலில் உட்கார வைத்தாள். பாட்டிலைக் கொடுத்தாள். அது காலியானதும் இன்னொன்று.

"ஏண்ணே, வெளிய வராதீங்கன்னு சொல்றதுக்கு நீங்க வெளிய வரணுமா?"

"உள்ள இருந்து சொன்னா யாருக்கும்மா கேக்கும்?"

"சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்ண்ணே. சுடுதுல்ல."

இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும் முன் பதிவேட்டில் நேர்மையாக எழுதினார்: "2.30. 29 டிகிரி. அணைத்து வைக்கப்பட்டது."

மறுநாள் கண்காணிப்பாளர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இருபத்தொன்பதுதானே? ஆம்ப்ளிஃபயர் சூடாகலையே. அப்புறம் ஏன் நின்னுச்சு?"

"நான் சூடாயிட்டேன் சார்."

கண்காணிப்பாளர் பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டமே இல்லையே."

விசாரணை முறைப்படி நடந்தது. சாவிக் கடைப் பெண்ணின் வாக்குமூலம்கூட வாங்கினார்கள். பணி நேரத்தில் மேற்படி ஓட்டுநர் நிழலில் இருந்ததும், தண்ணீர் குடித்ததும், அதையும் அடிக்கடி குடித்ததும் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாயின. ஒப்பந்தம் முடிந்தது.

பருவ முடிவில் துறை வெளியிட்ட அறிக்கையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அதில் வளவளப்பே இல்லை. வெப்பத்தால் பாதிக்கப்பட்ட ஆம்ப்ளிஃபயர்கள்: இல்லை. துறையின் அறிவுரைக்குக் கீழ்ப்படிந்தவர்கள்: ஒருவர். அவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது.