குதிரைக்கும் தண்ணீருக்கும் இணக்கம்

தீவகத்தில் ஓர் அலுவலகம், பொதுமக்களின் நன்மையை முன்னிட்டு, குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்கு இனி இணையத்தளத்தில் மட்டுமே பதிய வேண்டும் என்று அறிவித்தது. பொதுமக்களும் பதிந்தார்கள். தண்ணீரும் வந்தது. அலுவலகத்துக்கே இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

பிறகு தளத்துக்குப் புதுத் தீம் வந்தது. தீம் என்றால் தளத்தின் உடுப்பு. வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கம் அன்பளிப்புச் செய்த அந்த உடுப்பில் நெடுந்தீவுக் குதிரைகள் திரையின் குறுக்கே ஓடின. எங்கள் பக்கம் குதிரையே கிடையாது. ஆனால் குதிரை ஓடாத தளத்தை இப்போது யார் மதிக்கிறார்கள்? நாடா வெட்டித் திறந்தார்கள். அன்றிலிருந்து தண்ணீருக்குப் பதிகிற பக்கம் வெறும் வெள்ளையாய்க் கிடந்தது.

அல்லைப்பிட்டிக் கிறிஸ்ரினா கைப்பிள்ளையோடு அலுவலகத்துக்கு வந்தாள்.

“ஐயா, கிணத்துத் தண்ணி ஒரே உப்பு. பிள்ளைக்குப் பால்மா கரைக்க வழியில்லை. பவுசர் வெளி முத்தத்தில நிறைஞ்சுதானே நிக்குது?”

“நிக்குது, பிள்ளை,” என்றார் செயலாளர் மார்க்கண்டு. “பதிவில்லாமல் அது அசைய ஏலாது.”

தளத்தைப் பராமரிக்கும் கம்சிகா வரவழைக்கப்பட்டாள். தளத்தில் செருகி வேலைவாங்குகிற துண்டுகளுக்குப் பிளகின் என்று பெயர். அவள் அவற்றை ஒவ்வொன்றாய் நிறுத்திப் பார்த்தாள். பழைய தீமைப் போட்டுப் பார்த்தாள். பக்கம் உடனே திறந்தது.

“சேர், புதுத் தீமுக்கும் தண்ணிக்குப் பதியிற பிளகினுக்கும் முரண்பாடு. பழைய தீமையே விட்டால் சரி.”

“நாடா வெட்டினதை எப்பிடிக் கழட்டுறது?” மார்க்கண்டு கண்ணாடியைத் துடைத்தார். “முரண்பாடு எண்டு நீரே சொல்லிப்போட்டீர். முரண்பாடெண்டால் இணக்கசபைக்குத்தான் போகவேணும். சுற்றுநிருபம் இருக்கு.”

வேலித் தகராறும் மாட்டுத் தகராறும் தீர்த்துப் பழகிய இணக்கசபை கூடியது. தீமின் சார்பில் மார்க்கண்டு தோன்றினார். பிளகினின் சார்பில், அதைப் பாவிக்கிறவள் என்ற காரணத்தால், கிறிஸ்ரினாவைக் கூப்பிட்டார்கள். தலைவர் அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

“ரண்டு பகுதியும் ஒரே தளத்தில சீவிக்க வேண்டியவை. நீர் கொஞ்சம் விட்டுக்குடுக்க ஏலாதோ, பிள்ளை?”

“விட்டுக்குடுத்தால் தண்ணி வருமோ, ஐயா?”

“பக்கம் வரும்.”

இணக்கம் எழுதப்பட்டது. குதிரைகள் இனி மெதுவாக ஓடும். பிளகின் வெளியேறும். பிள்ளை வீரிட்டு அழுதது, வீதியில் கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது. கிறிஸ்ரினா ஒப்பம் வைத்தாள்.

பக்கம் வந்தது. பிழையொன்றும் இல்லாமல், பளிச்சென்று, குதிரைகளோடு வந்தது. பதிகிற இடம்தான் அதில் இல்லை. பவுசர் நின்ற இடத்திலேயே நின்றது.

அன்றிரவு பாரிஸிலிருந்து அவளுடைய மனுசன் மிரோஜன் கூப்பிட்டான்.

“கிறிஸ்ரி, தளத்தைப் பார்த்தனான். இப்ப என்ன வடிவாத் திறக்குது! அந்தக் குதிரை எங்கட சங்கம் குடுத்தது, தெரியுமே? தெரிவுசெய்ததே நான்தான்.”

கிறிஸ்ரினா வெறும் வாளியைக் காலால் தள்ளினாள்.

“இஞ்சேருங்கோ, அந்தக் குதிரையளுக்குப் பின்னால ஒரு தண்ணிப் பவுசரையும் ஓடவிட ஏலாதோ?”

“அருமையான யோசினை! இப்பவே சொல்லுறன்.”

அடுத்த நாள் திரையில் பவுசரும் ஓடியது. ஊரிலும் வெளிநாட்டிலும் எல்லோரும் இதயக்குறி போட்டார்கள். ஊரில் இருந்தவர்கள் வாளியை வாசற் படலையடியில் வைத்துவிட்டு வந்து போட்டார்கள்.